தண்ணீரில் கரையாத மருந்துக்கு எந்த வழி? உப்பு, நானோ, சாலிட் டிஸ்பர்ஷன், சைக்ளோடெக்ஸ்ட்ரின், எண்ணெய்: ஓர் ஒப்பீடு

"மருந்து சரியாகக் கரையவில்லை. சாலிட் டிஸ்பர்ஷன் போடலாமா, நானோவாக்கலாமா, சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்க்கலாமா?" பார்முலேஷன் (மருந்தை மாத்திரை, கேப்ஸ்யூல் போன்ற வடிவமாக்கும்) வேலையில் இருப்பவர்களும் பார்மசி முதுகலை மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. சாலிட் டிஸ்பர்ஷன் என்பது மருந்தைப் பாலிமருக்குள் பரப்பி வைப்பது. நானோவாக்குவது என்றால் மிக மிக நுண்ணிய துகளாக்குவது. சைக்ளோடெக்ஸ்ட்ரின், மருந்தைக் கூண்டு போல உள்ளே பிடித்துக்கொள்ளும் சர்க்கரை வகைப் பொருள். ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் குழப்பம் கூடத்தான் செய்யும். எந்த வழியை எடுத்தாலும் "பல மடங்கு கூடியது" என்று சொல்ல ஒரு கட்டுரை இருக்கும். இந்த மருந்துக்கு இவ்வளவு வேலை தேவையே இல்லை என்று சொல்லும் கட்டுரை கிடைப்பதுதான் அபூர்வம்.

தடை கரையும் வேகத்திலா, கரைதிறனிலா (அதிகபட்சம் எவ்வளவு கரைய முடியும் என்பதிலா) என்று பிரித்துப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து. அதைப் பிரித்துவிட்டால் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும். மிச்சமிருப்பதில் குறைந்த வேலையில் காரியம் முடிவதை எடுத்தால் போதும்.

## முதலில் அளவுகோல்கள்

வேகமா, கரைதிறனா? 1897இல் நாய்ஸும் விட்னியும் தந்த சமன்பாடு, பின்னால் மற்றவர்கள் விரித்த வடிவில், இன்றைக்கும் போதும். கரையும் வேகத்தைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு: நீர் படும் பரப்பு, மருந்தின் கரைதிறன். துகளைப் பொடித்தால் பரப்பு கூடும், கரைதிறன் அநேகமாக அப்படியேதான் இருக்கும். உப்பாக்கினாலோ படிக அமைப்பைக் குலைத்தாலோ கரைதிறனே (அல்லது தற்காலிகமாகக் கிடைக்கும் செறிவு) கூடும்.

எது தடை என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு வேளை மருந்தின் அளவை 250 மி.லி.யால் (மருந்தோடு குடிக்கும் ஒரு தம்ளர் நீர்) வகுத்து, வந்ததைக் கரைதிறனால் வகுக்க வேண்டும். 10 மி.கி. மருந்து, கரைதிறன் மி.லி.க்கு 0.02 மி.கி. என்றால் விடை 2. குடல் உறிஞ்ச உறிஞ்ச மிச்சமும் கரைந்துவிடும். வேகத்தைக் கூட்டினால் போதும். 400 மி.கி. மருந்து, கரைதிறன் 0.005 மி.கி. என்றால் விடை 320. இங்கே என்னதான் பொடித்தாலும் குடலில் இருக்கும் நீர் போதாது. இந்தக் கரைதிறனை வெறும் தண்ணீரில் அளந்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. பித்த உப்பும் லெசித்தினும் சேர்ந்த, பி.எச். 6.5 உள்ள குடல் மாதிரித் திரவத்தில் அளந்தால் எண்ணெய்ச் சாயல் உள்ள மருந்துகளுக்குப் படமே மாறிவிடும்.

ஊடுருவல் எப்படி? 1995இல் அமிடானும் கூட்டாளிகளும் முன்வைத்த, மருந்துகளைக் கரைதிறனையும் ஊடுருவலையும் வைத்து நான்காகப் பிரிக்கும் பி.சி.எஸ். வகைப்பாட்டில் இரண்டாம் வகை மருந்துகளுக்குக் கரைவது மட்டும்தான் பிரச்சினை. நான்காம் வகையென்றால் குடல் சுவரைக் கடப்பதும் கஷ்டம். கரைப்பதற்காகச் செலவழித்த உழைப்பு அங்கே முழுப் பலன் தராது.

மூலக்கூறின் குணம். உருகுநிலை அதிகமான, படிகம் விட்டுக்கொடுக்காத மருந்துகளைத் துறையில் 'செங்கல் பொடி' என்பார்கள். உருகுநிலை குறைந்து, லாக் பி (எண்ணெயோடு ஒட்டும் தன்மையின் அளவு) 5க்கு மேல் போய், தண்ணீரோடு ஒட்டவே மறுப்பவை 'கிரீஸ் உருண்டை'. முதல் வகைக்கு எண்ணெய் உதவாது, ஏனென்றால் அது எண்ணெயிலும் கரையாது. அயனியாகக் கூடிய அமில, காரத் தொகுதி உண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டோஸ். 5 மி.கி. மருந்துக்கு எல்லா வழியும் திறந்திருக்கும். 500 மி.கி. என்றால் கூடவே எவ்வளவு துணைப்பொருள் வயிற்றுக்குள் போகிறது என்பதே பல வழிகளை அடைத்துவிடும்.

அலமாரியில் தாங்குமா? 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம் என்பது வழக்கமான துரிதச் சோதனை. ஆய்வகத்தில் ஜோராகக் கரைந்தது அதற்குப் பிறகும் அப்படியே கரைகிறதா?

## கடினமான வழிக்கு முன் மாத்திரையைப் பாருங்கள்

மருந்துப் பொடியைத் தனியாகப் போட்டால் கரைகிறது, மாத்திரையாக்கினால் கரையவில்லை என்றால் குற்றவாளி மருந்து அல்ல. மாத்திரை அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டை அதிக நேரம் கலக்கினால் துகள்கள் மேல் மெழுகுப் படலம் போலப் பூசிக்கொண்டு நீரை விலக்கும். கலக்கும் நேரத்தைக் குறையுங்கள், சோடியம் ஸ்டியரில் ஃபியூமரேட்டுக்கு மாறிப் பாருங்கள். குருணையாக்கும் திரவத்தில் துகளை நீர் நனைக்க உதவும் சோடியம் லாரில் சல்ஃபேட்டோ போலோக்சமரோ கொஞ்சம் சேர்த்து, குராஸ்கார்மெலோஸ் மாதிரியான வலுவான சிதைப்பானின் (நீரில் மாத்திரையை உடைக்கும் பொருளின்) ஒரு பகுதியைக் குருணைக்குள்ளும் மறு பகுதியை வெளியிலும் வைத்தாலே பல மருந்துகள் வழிக்கு வந்துவிடும். இதைச் செய்து பார்க்காமல் சாலிட் டிஸ்பர்ஷனுக்குப் போவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

## உப்பாக்குதல்

அமில, காரத் தொகுதி உள்ள மருந்தென்றால் இதுதான் முதல் தேர்வு. மருந்துக்கும் எதிர் அயனிக்கும் (உப்பாக்க அதோடு சேரும் அயனிக்கும்) பி.கே.ஏ. (அமில, கார வலிமையின் அளவு) வித்தியாசம் 3 அளவுக்கு இருந்தால் உப்பு நிலையாக உருவாகும் என்று நம்பலாம். நாப்ராக்சனைவிட நாப்ராக்சன் சோடியம் சீக்கிரம் கரைந்து சீக்கிரம் வலி போக்குவது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். வழக்கமான இயந்திரமே போதும். டோஸ் அதிகமானாலும் கவலையில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கினால் இரைப்பையில் ஏற்கெனவே இருக்கும் குளோரைடு அயனி அதன் கரைதலை அமுக்கலாம். இரண்டாவது, உப்பு மாத்திரைக்குள்ளேயே பிரிந்து பழைய காரமாகவே திரும்பிவிடலாம். ஈரமும் மெக்னீசியம் ஸ்டியரேட் போன்ற காரத்தன்மையுள்ள துணைப்பொருளும் சேர்ந்தால் இது நடக்கும். ஆரம்பத்தில் கரைந்த மாத்திரை மூன்றாம் மாதம் கரையாமல் போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

உப்பு மாறினால் மூலப்பொருளே மாறுகிறது. அங்கீகாரக் கோப்பில் அது சின்ன மாற்றம் ஆகாது. ஆகவே இது திட்டத்தின் ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு. அயனியாகாத மருந்துக்கு இதே இடத்தில் கோகிரிஸ்டல் (மருந்தும் ஒரு துணை மூலக்கூறும் சேர்ந்த படிகம்) நிற்கிறது. நல்ல வழிதான், ஆனால் கரையும்போது துணை மூலக்கூறு முதலில் ஓடிப்போய் மருந்து பழைய படிகமாகவே படிந்துவிடுவதுண்டு.

## துகளைச் சிறிதாக்குதல்: மைக்ரான், நானோ

100 மைக்ரான் துகளை 5 மைக்ரானாக்கினால் பரப்பு 20 மடங்கு. 0.2 மைக்ரானாக்கினால் 500 மடங்கு. வேகம் மட்டுமே தடையான மருந்துக்கு இதைவிட நேரடியான வழி இல்லை. கிரிசியோஃபுல்வினின் மிக நுண்ணிய வடிவத்துக்கு வழக்கமான நுண்பொடியில் மூன்றில் இரண்டு பங்கு டோஸே போதுமானது இப்படித்தான். ஃபெனோஃபைப்ரேட் கதை இன்னும் அழகு: பழைய வடிவம் 300 மி.கி., நுண்பொடியாக்கியதும் 200 மி.கி., நானோ வடிவம் 145 மி.கி. அந்தக் கடைசி வடிவத்தைச் சாப்பாட்டோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம்.

ஜெட் மில்லில் (வேகமான காற்றில் துகள்களை மோதவிட்டுப் பொடிக்கும் இயந்திரம்) அரைப்பது எளிது, ஆனால் வெளியே வரும் பொடி ஒத்துழைக்காது. மின்னூட்டம் ஏறிச் சுவரில் ஒட்டும், ஓடாது, கட்டி கட்டியாகச் சேரும். பீக்கரில் தூவிப் பார்த்தால் சில சமயம் மொத்தமும் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். அரைக்காத பொடியைவிட மெதுவாகக் கரையும். நனைக்கும் பொருளோடு சேர்த்தால்தான் அரைத்ததன் பலன் கிடைக்கும். இன்னொன்று, அரைக்கும் வேகத்தில் துகளின் மேற்பரப்பு படிக ஒழுங்கை இழந்திருக்கலாம். ஈரம் பட்டதும் அது மறுபடி படிகமாகித் துகள்களை ஒட்டவைக்கும். அரைத்த அன்றே கரையும் வேகத்தை அளந்து சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

நானோவுக்குப் பெரும்பாலும் ஈர மணி அரைவை. சிர்கோனியா அல்லது குறுக்குப் பிணைப்புள்ள பாலிஸ்டைரீன் மணிகளோடு மருந்தையும் நீரையும் நிலைப்படுத்தியையும் சுழற்றுவார்கள். அரைப்பதைவிட அதற்குப் பிறகு வரும் வேலைதான் பெரியது. சின்னத் துகள் கரைந்து பெரிய துகளில் படிவதைத் தடுக்கச் சரியான பாலிமரும் சர்ஃபாக்டன்டும் (சோப்பு போல வேலை செய்யும் பொருளும்) தேட வேண்டும். பிறகு அந்தச் சஸ்பென்ஷனை உலர்த்த வேண்டும். உலர்ந்த பொடி மறுபடி நீரில் பட்டால் பழைய நானோ அளவுக்கே பிரிய வேண்டும். சர்க்கரை வகைப் பொருள் போதுமான அளவு இல்லாவிட்டால் பிரியாது. மணிகள் தேய்ந்து மருந்தில் கலக்கும் அளவையும் கண்காணிக்க வேண்டும். இருந்தாலும், மருந்து படிகமாகவே இருப்பதால் அலமாரிப் பயம் குறைவு. மருந்து விகிதமும் அதிகமாக வைக்கலாம். செங்கல் பொடி வகைக்கும் டோஸ் நடுத்தரமானவற்றுக்கும் நான் நானோவைத்தான் சாலிட் டிஸ்பர்ஷனுக்கு முன் யோசிப்பேன். சிரோலிமஸ் மாத்திரையும் அப்ரெபிடன்ட் கேப்ஸ்யூலும் இந்த வழியில் சந்தைக்கு வந்தவை.

## சாலிட் டிஸ்பர்ஷன்

மருந்தின் படிக ஒழுங்கை முழுக்கக் குலைத்து, பாலிமருக்குள் மூலக்கூறு மூலக்கூறாகப் பரப்பி வைப்பது. 1961இல் செகிகுச்சியும் ஓபியும் சல்ஃபாதயசோலை யூரியாவோடு உருக்கியதிலிருந்து தொடங்கிய வழி. அன்றைய துணைப்பொருள் யூரியா. இன்றைக்குக் கோபோவிடோன், எச்.பி.எம்.சி., எச்.பி.எம்.சி. அசிட்டேட் சக்சினேட் ஆகிய பாலிமர்கள். வயிற்றில் மருந்து வழக்கமான கரைதிறனைத் தாண்டி எகிறும். அது மறுபடி படிகமாகாமல் பாலிமர் கொஞ்ச நேரம் தாங்கிப்பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குடல் உறிஞ்சியாக வேண்டும்.

முதலில் சொன்ன டோஸ் கணக்கில் விடை நூற்றுக்கணக்கில் வந்தால் பெரும்பாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள். வெமுராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்து நல்ல உதாரணம். படிக வடிவத்தில் கொடுத்தபோது இரத்தத்தில் தேவையான அளவே ஏறவில்லை. படிக ஒழுங்கற்ற வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் மருந்து வேலை செய்தது. ஆனால் விலையைப் பாருங்கள். மருந்து 30, பாலிமர் 70 என்ற விகிதம். ஆகவே 240 மி.கி. மருந்துள்ள ஒரு மாத்திரைக்குள் 800 மி.கி. கலவை. ஒரு வேளைக்கு நான்கு மாத்திரை, நாளைக்கு எட்டு.

எந்த முறையில் தயாரிப்பது என்பது தனித் தேர்வு:

- ஸ்ப்ரே டிரையிங் (மருந்தையும் பாலிமரையும் கரைத்துச் சூடான காற்றில் தெளித்து உலர்த்துவது): வெப்பம் தாங்காத மருந்துக்கு ஏற்றது, ஆய்வகத்தில் சில கிராமிலேயே தொடங்கலாம். கரைப்பான் வேண்டும், மிச்சம் நிற்கும் அளவுக்கு வரம்பு உண்டு (டைகுளோரோமீத்தேனுக்கு 600 பி.பி.எம்., மெத்தனாலுக்கு 3000). இரண்டாம் கட்ட உலர்த்தலும், வெடிப்பு ஆபத்துக்கான ஏற்பாடும் தனிச் செலவு. வரும் பொடி பஞ்சு மாதிரி இருக்கும்; ரோலர் காம்பாக்ஷன் (உருளைகளுக்கிடையில் அழுத்திக் கெட்டியாக்குவது) இல்லாமல் மாத்திரை போட முடியாது.
- ஹாட் மெல்ட் எக்ஸ்ட்ரூஷன் (சூட்டில் சேர்த்து உருக்கிப் பிழிந்தெடுப்பது): கரைப்பான் இல்லை, தொடர் உற்பத்தி, அடர்த்தியான பொருள். உருகுநிலை மிக அதிகமான மருந்துக்கும் சூட்டில் சிதைவதற்கும் ஒத்துவராது.
- கரைத்துப் படிய வைத்தல்: ஆவியாகும் கரைப்பானிலும் கரையாத, உருக்கவும் முடியாத மருந்துக்கு. வெமுராஃபெனிப் இந்த வகை.

அலமாரிதான் இந்த வழியின் பலவீனம். கலவையின் கண்ணாடிமாற்ற வெப்பநிலை (கண்ணாடி போல விறைத்திருப்பது இளகத் தொடங்கும் வெப்பநிலை) சேமிப்பு வெப்பநிலையைவிட 50 டிகிரியாவது மேலே இருக்கட்டும் என்பது நடைமுறை விதி. உலர்ந்த நிலையில் அப்படியிருந்தாலும் ஈரம் ஏறினால் அந்த எண் மளமளவென்று இறங்கும். ஆகவே அலுமினியப் பட்டையும் ஈர உறிஞ்சியும் செலவுப் பட்டியலில் சேரும்.

வாரக்கணக்கில் காத்திருக்காமல் ஒரு பாலிமரைக் கழித்துக்கட்ட எளிய வழி உண்டு. கண்ணாடித் தகட்டில் கலவையைக் கொஞ்சம் வைத்து, ஒரு துளி குடல் மாதிரித் திரவம் விட்டு, போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் (அதில் படிகம் மட்டும் ஒளிரும்) பாருங்கள். முதலில் எல்லாம் இருட்டாக இருக்கும். சில நிமிடங்களிலேயே ஓரங்களில் பளிச்சென்று ஊசிகள் முளைத்தால் அந்தப் பாலிமரை மேலும் தொடர வேண்டாம்.

மாத்திரையாக்கும்போது இன்னொரு தலைவலி: பாலிமர் அதிகமான மாத்திரை நீரில் சிதையாமல் கூழ் உருண்டையாகி உள்ளே நீரை விடாது. கலவை மாத்திரையில் பாதிக்கு மேல் போனால் இதை எதிர்பாருங்கள். சிதைப்பானைக் கூட்டுவதோடு சாதாரண உப்பு அல்லது பைகார்பனேட் சேர்ப்பது பலமுறை உதவும். அதற்கும் மாத்திரையில் இடம் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

## சைக்ளோடெக்ஸ்ட்ரின்

இங்கே முடிவு பெரும்பாலும் எடைக்கணக்கிலேயே வந்துவிடும். பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினின் மூலக்கூறு எடை 1135. மருந்தின் மூலக்கூறு எடை 400 என்றால், ஒன்றுக்கு ஒன்று என்று முழுவதும் பிணைந்தாலும் 100 மி.கி. மருந்துக்கு ஏறக்குறைய 284 மி.கி. தேவை. முழுவதும் பிணையாது, அதனால் இன்னும் கூடும். 10, 20 மி.கி. மருந்துக்கு அருமையான வழி. பைராக்சிகாம் மாத்திரை இந்த வகையில் வெற்றி பெற்றது. 400 மி.கி. மருந்துக்கு மறந்துவிடுங்கள்.

திரவ மருந்து என்றால் கதை வேறு. இட்ராகோனசோல் வாய்வழித் திரவத்தில் மி.லி.க்கு 10 மி.கி. மருந்தும் 400 மி.கி. ஹைட்ராக்சிபுரோபைல் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினும் இருக்கின்றன. 200 மி.கி. டோஸுக்கு 8 கிராம் சைக்ளோடெக்ஸ்ட்ரின் உள்ளே போகிறது, வயிற்றுப்போக்கும் வருகிறது. ஆனாலும் மாத்திரை விழுங்க முடியாத நோயாளிக்கு அது உதவுகிறது. ஊசிமருந்துக்குச் சாதாரண பீட்டா வகையைத் தொடக் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாற்றியமைத்த வகைகள்தான்.

அதிகமாகச் சேர்த்தால் இன்னும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். கூண்டுக்குள் இருக்கும் மருந்து குடல் சுவரைக் கடக்காது.

## எண்ணெய் வழி

கிரீஸ் உருண்டை வகைக்கு இதுதான் வீடு. மருந்து ஏற்கெனவே கரைந்த நிலையிலேயே உள்ளே போவதால் கரையும் வேகம் என்ற கேள்வியே எழாது. சைக்ளோஸ்போரினின் பழைய எண்ணெய் வடிவத்தைவிட, வயிற்றில் தானே நுண்குழம்பாகும் புதிய வடிவம் ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு வரும் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தது.

கேப்ஸ்யூலில் ஏறக்குறைய 1 மி.லி.தான் அடங்கும். அந்த அளவில் டோஸ் முழுதும் கரையாவிட்டால் வேறு வழி பாருங்கள். சர்ஃபாக்டன்ட் அதிகமானால் வயிறு ஒத்துக்கொள்ளாது, எண்ணெய் ஆக்சிஜனேற்றமடையும், வயிற்று நீரில் கலந்ததும் மருந்து படிந்துவிடவும் வாய்ப்புண்டு. கேப்ஸ்யூலுக்குள்ளேயே படிந்தால் என்னவாகும் என்பதற்கு ரிட்டோனாவிர் சாட்சி. 1996இல் வந்த கேப்ஸ்யூலில் மருந்து கரைந்த நிலையில் இருந்தது. 1998இல் அதுவரை யாரும் பார்த்திராத, இன்னும் குறைவாகக் கரையும் படிக வடிவம் தலைகாட்டியது. கேப்ஸ்யூல் சந்தையிலிருந்து போனது. பின்னால் வந்த கேப்ஸ்யூலுக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டியிருந்தது. 2010இல் கோபோவிடோனோடு உருக்கி எடுத்த மாத்திரை வந்ததும் அந்தத் தேவை போயிற்று.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சிறந்தது | டோஸ் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| நனைப்பான், சிதைப்பான் | மாத்திரைதான் தடையாக இருக்கும்போது | எதுவும் | அநேகமாக இல்லை |
| உப்பு | அமில, காரத் தொகுதி உண்டு | அதிகமும் சரி | உப்பு பிரிதல், புதிய மூலப்பொருள் |
| நுண்பொடி | வேகம் மட்டும் தடை | நடுத்தரம் வரை | ஓடாத பொடி, கட்டி சேர்தல் |
| நானோ | வேகம் தடை, செங்கல் பொடி, சாப்பாட்டுச் சார்பு | நடுத்தரம் | உலர்த்தல், நிலைப்படுத்தி தேடல் |
| சாலிட் டிஸ்பர்ஷன் | கரைதிறனே தடை | குறைவு முதல் நடுத்தரம் | பெரிய மாத்திரை, ஈரம், மறுபடிகமாதல் |
| சைக்ளோடெக்ஸ்ட்ரின் | சிறு டோஸ், திரவம், ஊசி | குறைவு | எடை, வயிற்றுப்போக்கு |
| எண்ணெய் | லாக் பி அதிகம், உருகுநிலை குறைவு | குறைவு | கேப்ஸ்யூல் கொள்ளளவு, படிதல் |

## எதில் கரைத்துப் பார்த்து ஒப்பிடுகிறீர்கள்?

தேர்வே கெட்டுப்போகும் இடம் இது. 900 மி.லி. திரவத்தில் 1 சதவீதம் சோடியம் லாரில் சல்ஃபேட் போட்டு ஒப்பிட்டால் எல்லா வழியும் ஒரே மாதிரி நன்றாகத் தெரியும். தரக்கட்டுப்பாட்டுக்கு அது சரி, தேர்வுக்கு உதவாது. குடல் மாதிரித் திரவத்தில், குறைந்த அளவில், இரைப்பை பி.எச்.சிலிருந்து குடல் பி.எச்.சுக்கு மாற்றிப் பாருங்கள். சாலிட் டிஸ்பர்ஷனின் செறிவு எகிறி இறங்கும். உச்சத்தை மட்டும் பார்க்காமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.

நானோவுக்கு ஒரு தனிக் கண்ணி உண்டு. வழக்கமான 0.45 மைக்ரான் வடிகட்டியில் 0.2 மைக்ரான் துகள் சிரமமில்லாமல் தாண்டிப் போகும். கரையாத துகளையும் சேர்த்து அளந்துவிட்டுக் கரைதிறன் கூடியதாக அறிக்கை எழுதிவிடுவோம். 0.1 மைக்ரான் வடிகட்டியோ, அதிவேக மையவிலக்கோ வேண்டும்.

## ஏற்கெனவே சந்தையில் உள்ள மருந்தென்றால்

கரைவது கூடினால் எப்போதும் நல்லதில்லை. 1968இல் ஆஸ்திரேலியாவில் ஃபெனிடோயின் கேப்ஸ்யூலின் நிரப்பியைக் கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றினார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. இரத்தத்தில் ஏறியது கூடியது, நோயாளிகளுக்கு நச்சு அறிகுறிகள் வந்தன. பயனுக்கும் நச்சுக்கும் இடைவெளி குறுகிய மருந்தில் எந்த வழியை எடுத்தாலும் டோஸைப் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அந்த மருத்துவ ஆய்வுச் செலவை வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள். போசகோனசோல் சஸ்பென்ஷனை நோய்த்தடுப்புக்கு 200 மி.கி. வீதம் நாளைக்கு மூன்று வேளை கொடுக்கிறார்கள். சாலிட் டிஸ்பர்ஷன் மாத்திரையென்றால் முதல் நாளுக்குப் பிறகு 300 மி.கி. ஒரே வேளை. இரண்டையும் மி.கி.க்கு மி.கி. மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று தகவல் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது.